பந்தலுக்கு நாலு விரற்கடை கீழே

தேனி பேருந்து நிலையத்துக்கு எதிரே போன மாதம் ஒரு பெரிய பிளக்ஸ் பலகை முளைத்தது. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு வயதான ஜோடி, அவர்கள் தலைக்கு மேல் ‘முதுமையை நிறுத்துங்கள்’ என்று கொட்டை எழுத்து. நான் வேலை பார்த்த கம்பத்து கிளினிக்கில் இப்போது இருக்கும் இரண்டு பிசியோதெரபிஸ்ட் பெண்கள் அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்கள்.

“பதினாலு வருசம் வயசானவங்களோடயே இருந்தீங்களே சார், நிறுத்த முடியுமா?”

கம்பம்மெட்டு மலைப்பாதையில் இறங்கி வந்திருக்கிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். “அந்த இறக்கத்துல நிறுத்தி வைக்க இடம் கெடையாது. ஆனா ரெண்டாம் கியர்ல இறங்கலாம். நியூட்ரல்ல விட்டுட்டு இறங்குறவங்களும் இருக்காங்க. பிரேக் பிடிக்கலேன்னு தெரிஞ்ச பெறகுதான் நம்மகிட்ட வருவாங்க.”

சிரித்துவிட்டு, எழுதித் தாருங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்தால் பதினாலு வருடமும் ஒரே வாசலில் முண்டியடித்துக்கொண்டு வருகிறது. முட்டி, இடுப்பு, தோள், கணுக்கால். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முகம். அதில் ஒரு தோளைப் பற்றித்தான் நான் எழுதியாக வேண்டும். அது நான் கெடுத்த தோள்.

பிசியோதெரபி படித்தது மதுரையில். எலும்புகளின் பெயரை எண்ணெய் விளக்குக்கு மந்திரம் சொல்வது போலச் சொல்லிச் சொல்லித் தேர்வு எழுதினேன். பிறகு நாலைந்து இடம் மாறினேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத கால் எனக்கு. தொண்ணூற்றாறில் கம்பத்துக்கு வந்தபோதும் ஆறு மாதம் இருந்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் எண்ணம். சன்னலைத் திறந்தால் மேற்கே மலை, மலையின் இடுப்பில் மேகம், அதற்குக் கீழே திராட்சைப் பந்தல், தென்னை, நெல். அதைப் பார்த்து இருந்துவிட்டேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் இருக்க வைத்தது ஒரு ஸ்டூல்.

கிளினிக்கை நடத்திய டாக்டர் ஜமீலா உத்தமபாளையத்துக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். குரல் உயராது, நடை வேகமாகாது. அவர் அறையில் நோயாளி உட்காரக் கைப்பிடியில்லாத, முழங்கால் உயர மர ஸ்டூல் ஒன்று கிடக்கும். “உக்காருங்க” என்பார். வந்தவர் உட்கார்ந்து, மூச்சை விட்டு, கதையைத் தொடங்க வாயெடுப்பார். “எந்திரிங்க” என்பார். மறுபடி உட்காருங்க, மறுபடி எந்திரிங்க, ஐந்து முறை. அவர் கண் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள்ளில் இருக்கும். எழும்போது தொடையில் கை ஊன்றினால் அட்டையில் ‘கை’ என்று எழுதுவார். ஊன்றாவிட்டால் ஒரு கோடு. ரத்த அழுத்தம் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

“என்னம்மா, பள்ளிக்கூடத்துல தோப்புக்கரணம் போட்டது பத்தாதா?” என்று ஒரு லாரி ஓனர் கேட்டார்.

“அப்பப் போட்டத நிறுத்தினதாலதான் இப்ப இங்க வந்திருக்கீங்க” என்றார் டாக்டர். அவர் நகைச்சுவையின் அதிகபட்ச அளவு அதுதான்.

அடுத்தது நேத்துக் கணக்கு. நேற்றுக் காலை கண் விழித்ததிலிருந்து படுக்கும் வரை வாய்க்குள் போனது என்ன? இட்லி என்றால் எத்தனை, டீ என்றால் எத்தனை கிளாஸ், சர்க்கரை எத்தனை கரண்டி. அதை எழுதுவது என் வேலை. ‘வடை ஒன்று (பாதிதான் என்கிறார்)’ என்று அடைப்புக்குறி போடச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். எதையும் அடியோடு விலக்கச் சொல்ல மாட்டார். ஒரு மாதத்தில் ஒன்றை எடுப்பார், அந்த இடத்தில் ஒன்றைக் கொடுப்பார். ஒரு கரண்டிச் சோற்றை எடுத்தால் ஒரு கரண்டி மொச்சையோ தட்டாம்பயறோ தட்டுக்கு வரும். நாலு மணி முறுக்கை எடுத்தால் அவித்த முட்டை. “பெரிய ஆளுக வாயிலிருந்து சும்மா பிடுங்கக் கூடாது செல்வம். கொழந்த கையில பொம்மையப் பிடுங்குற மாதிரி. மாத்திக் குடுக்கணும்.”

இன்னொன்றையும் நான் அங்கேதான் கற்றேன். வந்த புதிதில், கம்பத்து ஜவுளி வியாபாரி வீட்டு ரஹ்மத்தம்மா என்ற அறுபத்தைந்து வயதுக்காரரின் முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து, அழகாகப் படம் வரைந்து கொண்டுபோய் வைத்தேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, “எதுக்கு?” என்றார். எனக்குப் புரியவில்லை. “அவங்களுக்கு முட்டி எதுக்கு மடங்கணும்னு கேட்டீங்களா?” கேட்கவில்லை. போய்க் கேட்டேன்.

“நாற்காலியில ஒக்காந்து தொழுகுறேன் தம்பி. நெத்தி தரையில படணும்” என்றார்கள்.

அவர் விஷயத்தில் நான் பாகையை விட்டேன், தரையைப் பிடித்தேன். நெற்றி வைக்க முதலில் உயரமான பலகை, பிறகு பலகைக்குப் பதில் தலையணை, பிறகு மடித்த போர்வை. உயரம் குறையக் குறைய அவர் கீழே போனார். ஐந்தாம் மாதம் நெற்றி தரையைத் தொட்டது. எழுந்தபோது தொடையில் கை ஊன்றினார். டாக்டர் ‘கை’ என்று எழுதவில்லை. அட்டையில் ‘எதுக்கு’ என்று நிரந்தரமாக ஒரு கட்டம் வந்தது.

பொம்முராசு வந்தது இரண்டாயிரத்து மூன்றில். காமயகவுண்டன்பட்டிக்காரர். எல்லோரும் சொல்வது போல நானும் கே.கே. பட்டி என்றே சொல்கிறேன். அறுபத்து மூன்று வயது, பன்னீர் திராட்சைத் தோட்டம், ஆறு வருடச் சர்க்கரை, தூக்க முடியாத வலது கை. கூட மனைவி வேலம்மா, மகன் குமரேசன்.

“அப்பாவுக்கு வயசாயிருச்சு டாக்டரம்மா. தோட்டத்தக் குத்தகைக்கு விட்டுட்டு வீட்ல இருங்கன்னா கேக்க மாட்டேங்குறாரு” என்றார் குமரேசன்.

“வயசாயிருச்சுன்னு ஒரு நோயில்ல தம்பி. அதுக்கு எங்கிட்ட மருந்தும் இல்ல. கைக்கு என்னன்னு சொல்லுங்க.”

“ஏலே, நீ சும்மா இரு, நான் பேசுறேன்” என்று பெரியவர் முன்னால் வந்தார். “கை மேல போகலம்மா. சட்ட மாட்ட ஆளு வேண்டியிருக்கு. அதுகூடப் பரவால்ல. பந்தக் கம்பி எட்டல.”

எதுக்கு என்ற கட்டத்தில் நான் ‘பந்தல் கம்பி’ என்று எழுதினேன். திராட்சை, அண்ணாந்து பார்த்துச் செய்கிற விவசாயம். கல்தூண்கள் நட்டு, மேலே கம்பி பின்னி, கொடியைப் படரவிட்டு, அதற்குக் கீழே நின்றுதான் எல்லா வேலையும். பழைய கிளையைக் கழித்துக் கவாத்து வெட்டுவது, தளிர் கிள்ளுவது, குலை அறுப்பது, எல்லாம் கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு. கை மேலே போகாதவன் தன் தோட்டத்தில் விருந்தாளி.

அப்போது அவர் தோட்டத்தில் காய் பட்டாணி அளவு. அறுவடை முடிந்து, கொடிக்கு ஓய்வு கொடுத்து, மறுபடி கவாத்து வர நாலு மாதம் இருந்தது. பெரியவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“அடுத்த கவாத்துக்கு ஒரு வரிச முழுக்க நான் ஒத்த ஆளா வெட்டுறேன். வெட்டலேன்னா தோட்டத்த நீ யாருக்கு வேணும்னாலும் விட்டுக்கோ. ஏன்னு கேக்க மாட்டேன்.”

“டாக்டரம்மா சாட்சி” என்றார் குமரேசன் பட்டென்று.

“நான் எதுக்கு? கரண்டு சார் இருக்காரே” என்று டாக்டர் என்னைக் காட்டினார். ஊரில் எனக்கு அதுதான் பெயர். வலிக்குக் கரண்டு வைக்கிற சார்.

இறுகிய தோள் ஒரு விசித்திரமான பூட்டு. எலும்பு நன்றாக இருக்கும், தசை நன்றாக இருக்கும், மூட்டைச் சுற்றியிருக்கும் உறை மட்டும் மழையில் நனைந்து காய்ந்த தோல்செருப்பு போல விறைத்துப்போயிருக்கும். சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். கோணமானி வைத்துப் பார்த்தேன். எண்பத்தைந்து பாகை, அதாவது தோள் உயரம்கூட இல்லை. முதலில் சூடு. பிறகு குனிந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, தண்ணீர்ச் செம்பைப் பிடித்து ஊஞ்சல் போல ஆட்ட வேண்டும். பிறகு சுவரில் அடித்திருக்கும் விரல் ஏணி. அது படிப்படியாக வெட்டிய ஒரு மரச்சட்டம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அதில் ஏறிப் போகும், கை பின்னாலேயே வரும். பெரியவர் தன் படியில் ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டுப் போவார். மறுநாள் வந்து அதைத்தான் முதலில் பார்ப்பார்.

நேத்துக் கணக்கோ பார்க்கப் பார்க்க அழகு. காலை இரண்டு கேழ்வரகுத் தோசை, மதியம் ஒரு கரண்டிச் சோறு, மொச்சைக் குழம்பு, முருங்கைக் கீரை, முட்டை. சர்க்கரை போடாத டீ. மாத்திரை தவறவில்லை. சாயங்காலம் வாய்க்கால் கரையில் நடை. வேலம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

ஆறு வாரமாகியும் சர்க்கரை இறங்கவில்லை. பென்சில் கோடு ஒரு படிதான் ஏறியிருந்தது.

எனக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. முளைத்தது என்ன, மரமாகிவிட்டது. இவர் வீட்டில் கையை ஆட்டுவதில்லை, கணக்கும் பொய், என் நேரத்தை வீணடிக்கிறார். அன்று அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்தேன். தோள்பட்டை எலும்பை ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, மறு கையால் மேற்கையைத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் தடுக்கும். அங்கே நின்று நோயாளியின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் வருடப் பாடம் அது. அன்று நான் முகத்தைப் பார்க்கவில்லை, கோணமானியைப் பார்த்தேன்.

“இழுங்க சார். மாடு கட்டுன கயிறுகூட இம்புட்டு இறுகாது” என்று சிரித்துக்கொண்டே சொன்னவர், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. நூறைத் தொட்டுவிட்டேன் என்று நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். அவர் கண்ணோரத்திலிருந்து காதுக்குள் தண்ணீர் ஓடியிருந்தது.

மறுநாள் வேலம்மா மட்டும் வந்தார். “தோளு வீங்கிக் கெடக்கு சார். செம்பத் தூக்க முடியல. நீங்க வருத்தப்படுவீகன்னு சொல்ல வேணாம்னாரு. நான்தான் வந்தேன்.”

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். நோயாளிகளின் ஸ்டூலில் தானே உட்கார்ந்துகொண்டார். எனக்கு நிற்பதா உட்காருவதா என்று தெரியவில்லை.

“வீட்ல கை ஆட்டலேன்னு எப்பிடி முடிவு பண்ணீங்க?”

“சக்கரை இறங்கல, தோள் இளகல. கணக்கு பொய்யா இருக்கும்னு...”

“பொய்யின்னா அட்டையில எழுதியிருக்கலாமே செல்வம். ஏன் அவர் தோள்ல எழுதுனீங்க?”

அந்தக் குரல் அப்போதும் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நாளைக்குக் காலையில கே.கே. பட்டிக்குப் போங்க. மன்னிப்புக் கேக்கப் போக வேணாம். பாக்கப் போங்க.”

டவுன் பஸ்ஸில் போய் இறங்கித் தோட்டத்துக்குள் நுழைந்தேன். நுழைந்ததுமே நெற்றியில் கம்பி இடித்தது. நான் ஆறடிக்குப் பக்கம். ஆனாலும் பந்தல் அவ்வளவு தாழ்ந்து இருக்காது. உள்ளே ஐந்தாறு பெண்கள் கழுத்தைச் சாய்த்து, முதுகை வளைத்துக் குலைகளுக்கு இடையே இலை உருவிக்கொண்டிருந்தார்கள்.

“பாத்து வாங்க சார்” என்றாள் பேச்சி. அங்கே பல வருடமாக வேலை செய்கிறவள். “காய் பாரத்துக்குக் கம்பி தொங்கும். ஊடால மூங்கில் முட்டுக் குடுத்து நிமித்தணும். மொதலாளிக்குக் கை எட்டலேன்னு ரெண்டு வெள்ளாமையா முட்டு வைக்க விடமாட்டேங்குறாக. அவுக தோளுக்கு நாங்க கூனிக்கிட்டுத் திரியுறோம். அடுத்த வருசம் எங்கள லாரியில ஏத்தி ஒங்க ஆசுபத்திரிக்குத்தான் கூட்டியாரணும்.”

“ஏத்தா, எனக்குக் காது கேக்கும்” என்று இரண்டு வரிசை தள்ளிப் பெரியவர் குரல்.

“கேக்கட்டும்னுதான் சொல்றேன். காத்துப் போகாம எலையெல்லாம் சாம்பல் பூத்துக் கெடக்கு, அதையும் கேட்டுக்கோங்க.”

பெண்கள் சிரித்தார்கள். நான் குனிந்தபடி அவர் பக்கம் போனேன். வலது கையை வயிற்றோடு அணைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வாங்க சார், டீ சொல்லவா?” என்றார், முந்தாநாள் ஒன்றுமே நடக்காதது போல. காய் கறுத்து, மேலே பொடி பூத்து, நறுமணம் கிறங்கடித்தது. அவர் நடந்துகொண்டே பேசினார். பேசிக்கொண்டே இடது கையால் ஒரு குலையின் நுனியில் ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டார். அடுத்த குலையில் ஒன்று, அதற்கடுத்ததில் ஒன்று. கொட்டையோடு மென்று, ஒரு நொடி நின்று, விழுங்கி, “இது நாலு நா கெடக்கணும்” என்றார். நான் எண்ணத் தொடங்கினேன். அந்த ஒரு வரிசை முடிவதற்குள் அறுபதைத் தாண்டிவிட்டது.

“என்ன பண்றீங்க?”

“ருசி பாக்குறேன் சார். நுனிப் பழந்தான் கடைசியாப் பழுக்கும். அது இனிச்சா கொல பூராம் இனிச்சிருச்சுன்னு அர்த்தம்.”

“தெனமும் பாப்பீங்களா?”

“நம்ம தோட்டத்துலயா? காய் நெறம் திரும்புனாத்தான். மத்த நாள்ல வியாபாரிக கூட்டிட்டுப் போயிருவாக. ஓடப்பட்டி வரைக்கும் போவேன். பொம்முராசு நாக்கு சொன்னாத்தான் அறுப்பாக.” சொல்லும்போது இறுகிய தோளுக்குள்ளிருந்துகூட ஒரு நிமிர்வு வந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் வருடம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் திராட்சை பழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

“நேத்துக் கணக்குல இதச் சொல்லலயே?”

அவர் நின்றார். அவர் முகத்தில் திருட்டு இல்லை. வியப்புதான் இருந்தது.

“திங்கிறதத்தான கேட்டீக? இது வேல சார்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பந்தலுக்கு அடியில் கூனிக்கொண்டு நின்றேன். ஒரு கரண்டிச் சோற்றைத் தட்டிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, ஒரு கூடைத் திராட்சையை வேலையாக விழுங்கிக்கொண்டிருந்த மனிதர். ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. கேட்கத் தெரியாதவன் நான்.

“முந்தாநாள் நான் பண்ணது தப்பு” என்றேன். டாக்டர் வேண்டாம் என்றதை மீறிக் கேட்டுவிட்டேன்.

“கொடியக் கட்டும்போது நாங்களும் சில நேரம் ஒடிச்சுப்புடுவோம் சார். ஒடிஞ்ச எடத்துலயே தளுக்கும்” என்றார்.

கிளினிக்குக்கு வந்து சொன்னேன். டாக்டர் ஜமீலா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். பிறகு ஸ்கேலை எடுத்து அட்டையில் ஒரு கோடு இழுத்துப் புதுக் கட்டம் போட்டார். அதற்கு மேலே ‘ருசி பார்த்தது’ என்று எழுதினார். அந்தக் கட்டம் பிற்பாடு எத்தனை பேரைப் பிடித்துக் கொடுத்தது! ஒவ்வொரு முறை ஆற்றும்போதும் ஒரு வாய் பார்க்கும் டீ மாஸ்டர், பாகு பதம் நாக்கில் வைக்கும் பலகாரக் கடைக்காரர், கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள். எல்லோரும் பட்டினி கிடந்ததாகவே சத்தியம் செய்தவர்கள்.

ஆனால் பொம்முராசு விஷயம் அதோடு முடியவில்லை. மென்றுவிட்டுத் துப்பிவிடுங்கள் என்றார் டாக்டர்.

“வெளஞ்சதத் துப்புறதா?” பெரியவர் எழுந்தேவிட்டார், ஸ்டூலில் கை ஊன்றாமல். “அது ஆகாதும்மா. சக்கரையில செத்தாலும் சாவேன், தோட்டத்துல நின்னு துப்ப மாட்டேன்.”

எடுத்தால் மாற்றிக் கொடுக்க வேண்டும். இந்த நாக்குக்கு மாற்றாக எதைக் கொடுப்பது? டாக்டரின் பார்வை மெல்ல வேலம்மா பக்கம் திரும்பியது.

“ஒங்க வீட்ல கொழம்புக்கு உப்பு பாக்குறது யாரு?”

“நாந்தான்” என்றார் வேலம்மா, என்னத்துக்குக் கேட்கிறார்கள் என்று புரியாமல்.

அன்றே வேலம்மாவுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சர்க்கரை இல்லை. ஏற்பாடு இப்படி ஆனது. ஒரு வரிசைக்கு ஒரு பழம் பெரியவருக்கு, மிச்சக் குலைகளுக்கு வேலம்மா நாக்கு. முதல் நாள் வந்த வியாபாரி, “என்னண்ணே, நாக்கையும் குத்தகைக்கு விட்டாச்சா?” என்று கேட்டாராம். “விட்டா என்ன, வீட்டுக்குள்ளதான இருக்கு” என்றாராம் இவர். ஒரு வாரத்தில் வேலம்மா, “கெணத்துப் பக்கத்து வரிசையில இனிப்பு இருக்கு, மணம் வரல, மூணு நா போகட்டும்” என்று சொல்லத் தொடங்கிவிட்டார். மூன்று நாளில் மணம் வந்தது. பெரியவருக்கு அதில் பெருமையா பொறாமையா என்று அவருக்கே தெரியவில்லை.

நான் மறுபடி தோட்டத்துக்குப் போய், முட்டு வைத்தால் கம்பி எங்கே நிற்க வேண்டும் என்று கல்தூணில் பார்த்து, ஒரு நூலில் அளந்து முடிச்சுப் போட்டு வந்தேன். கிளினிக்கின் பயிற்சி அறையில் இந்தச் சன்னலிலிருந்து அந்தச் சன்னலுக்கு அதே உயரம் வரை ஏற்றக்கூடிய ஒரு கம்பி கட்டினேன். அதில் துணி கவ்வும் பிளாஸ்டிக் கிளிப்புகள். ஒவ்வொன்றாகக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். முதலில் கம்பியை ஆணியில் தாழ்த்திக் கட்டி, வாரத்துக்கு ஒரு விரற்கடை ஏற்றினேன். “இங்கன என்ன சார், துணி காயப் போடுறீகளா?” என்று கேட்காத நோயாளி இல்லை. வீக்கம் வடிந்தது, சர்க்கரை இறங்கத் தொடங்கியது, தோள் இளகத் தொடங்கியது. இப்போது நான் முகத்தைப் பார்த்தேன். கோணமானியைக் கடைசியில்தான் எடுத்தேன். நூற்றுப்பத்து, நூற்றிருபத்தைந்து. ஸ்டூலிலிருந்து ஐந்து முறை எழுவதை அவர் பத்தாக்கிக்கொண்டார். காலும் நிற்க வேண்டுமே, ஒரு வரிசை என்பது ஒரு முழுக் காலைப்பொழுது.

கவாத்து நாள் வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், சாட்சியாயிற்றே. பேச்சியும் மற்றவர்களும் மூங்கில் முட்டுகளை ஊன்றிக் கம்பியை நிமிர்த்தினார்கள். ரெண்டு வெள்ளாமையாகத் தொங்கிய பந்தல், தூணில் பழைய தடம் இருந்த உயரத்துக்கு ஏறியது. பெண்கள் முதுகை நிமிர்த்தி, “அப்பாடி” என்றார்கள். பெரியவர் கத்தரியை எடுத்துக்கொண்டு முதல் கொடியின் கீழ் நின்றார். கையைத் தூக்கினார்.

விரல் நுனி கம்பியைத் தொட்டது. கம்பிக்கு மேலே கிடந்த கொடியைக் கத்தரி எட்டவில்லை.

குதிகாலை உயர்த்தினார். தொட்டது, ஆனால் வெட்டுகிற பிடி கிடைக்கவில்லை. நூற்று நாற்பது பாகை. அதற்குமேல் தோள் வராது என்று எனக்குத் தெரியும். தோள் மட்டுமில்லை, ஆளே இத்தனை வருடங்களில் கொஞ்சம் குறுகியிருந்தார். நான் கம்பி கட்டியபோது நீட்டிய விரலை அளந்தேன், மடங்கிக் கத்தரி பிடிக்கிற கையை அளக்கவில்லை. எல்லோர் கண்ணும் குமரேசன் மேல். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவன் முகமாக அது இல்லை.

பெரியவர் கத்தரியை இடுப்பில் செருகினார். முதல் மூங்கிலை உருவினார். தரையில் போட்டு, அடிப்பக்கம் தன் நான்கு விரலையும் சேர்த்து வைத்து அளந்தார். “அருவாளக் குடு” என்றார். ஒரே வெட்டு. நாலு விரற்கடை மூங்கில் துண்டு தெறித்து ஓடியது. மூங்கிலைத் திரும்ப ஊன்றினார். கம்பி அந்த அளவு இறங்கியது. அண்ணாந்து கையைத் தூக்கினார். கத்தரி கம்பியைத் தாண்டிக் கொடியில் உட்கார்ந்தது.

“பேச்சி, ஒனக்கு முதுகு நிமிருதா?”

பேச்சி நடந்து பார்த்தாள். “நிமிருது. இது போதும்.”

“அப்ப எல்லா முட்டுலயும் நாலு விரக்கடை எடு” என்றார். பிறகு மகனைப் பார்த்து: “வயசுக்கு நாலு விரக்கடை விட்டுக் குடுத்துட்டேன்டா. மிச்சம் எனக்கு.”

வரிசையைத் தொடங்கினார். இரண்டு கொடிக்கு ஒரு முறை கையை இறக்கி, செம்பு பிடித்தது போல ஆட்டிக்கொள்வார். மூன்று முறை உட்கார்ந்தார். எழும்போது கை ஊன்றவில்லை என்பதை நான் மட்டும் கவனித்தேன். உச்சி வெயிலுக்கு முன் கடைசிக் கொடி விழுந்தது. குமரேசன் இன்னொரு கத்தரியை எடுத்தார்.

“அடுத்த வரிச நான் வெட்டுறேம்ப்பா. கொடியில எத்தன கண்ணு விட்டு வெட்டணும்னு மட்டும் சொல்லு.”

“மொதல்ல அண்ணாந்து பாரு” என்றார் பெரியவர். குத்தகைப் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

என் கட்டைவிரல்கள் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன. ஆயிரம் தோள்களை அமுக்கி அமுக்கி அடிமூட்டு தேய்ந்துபோய், பேனா மூடியைத் திருகக்கூட வலித்தது. இந்த வருடம் விலகிக்கொண்டேன், நாற்பத்தெட்டு வயதில். வருத்தமில்லை. காலையில் ஸ்டூலிலிருந்து பத்து முறை எழுகிறேன், டீயில் சர்க்கரை இல்லை, தட்டில் மொச்சை இருக்கிறது. ருசி பார்த்ததையும் சேர்த்தே கணக்கு எழுதுகிறேன்.

விலகிய வாரம் கே.கே. பட்டிக்குப் போனேன். பெரியவருக்கு எழுபது. அதே முட்டுகளில் சில, இற்றுப்போனவற்றுக்குப் புது மூங்கில். உயரம் மாறவில்லை என்று நூலை வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஏழு வருடத்தில் ஒரு விரற்கடைகூட அவர் மேற்கொண்டு விட்டுக் கொடுக்கவில்லை. வேலம்மா ஒரு குலையின் நுனியைக் கிள்ளி வாயில் போட்டு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பேச்சியும் பெண்களும் நிமிர்ந்து நின்று வேலை செய்தார்கள். பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பந்தலுக்கு அடியில் விறுவிறுவென்று எனக்கு முன்னால் நடந்தார்.

“நேரா நில்லுங்க, நிமிந்து நடங்கன்னு எங்களப் போட்டு என்னா பாடு படுத்துனீக சார்” என்றார், திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

அந்தத் தோட்டத்தில் அன்று என் உயரத்துக்குக் கூனிக்கொண்டு நடந்தவன் நான் ஒருவன்தான்.